கர்ப்பப்பை இறக்கம், இரண்டாம் நிலை: ஆபரேஷன் இல்லாமல் சமாளிக்கிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

மாலைநடை:

எல்லோருக்கும் வணக்கம். மூன்று நாளாக எழுதுவதும் அழிப்பதுமாக இருக்கிறேன், அதனால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். வயது 49. இரண்டு பிள்ளைகள். கேஸ் ஷீட்டில் இரண்டுமே சுகப்பிரசவம் என்றுதான் இருக்கிறது, இரண்டாவதுக்கு ஆயுதம் போட்டு எடுத்தார்கள், அதில் சுகம் எங்கே இருந்தது என்று எனக்குத்தான் தெரியும். மாதவிலக்கு நின்று ஒரு வருஷம் ஆகப்போகிறது.

நான்கு மாதத்துக்கு முன்னால் வீடு மாற்றினோம். புத்தகப் பெட்டிகளை நானே தூக்கினேன். அதற்கடுத்த வாரம் குளிக்கும்போது கை பட்டது, வழவழவென்று உருண்டையாக ஏதோ ஒன்று பிறப்புறுப்பின் வாசலில் வந்து நிற்கிறது. கட்டி என்று நினைத்துவிட்டேன். இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. டாக்டர் பார்த்துவிட்டு, கட்டியெல்லாம் இல்லை, கர்ப்பப்பை இறங்கியிருக்கிறது, மூத்திரப்பையும் முன்பக்கமாகச் சரிந்திருக்கிறது, இரண்டாம் நிலை, குடும்பம் முடிந்துவிட்டதே, எடுத்துவிடலாம் என்றார். எல்லாம் சேர்த்து ஐந்து நிமிஷம். அவசரம் இல்லை, யோசித்துச் சொல்லுங்கள் என்று அனுப்பிவிட்டார். யோசிப்பதற்கு எனக்கு என்ன தெரியும்?

காலையில் எழுந்திருக்கும்போது ஒன்றுமே இல்லாதது போல இருக்கிறது. சாயங்காலம் ஆக ஆகக் கனக்கிறது, தொடைகளுக்கு நடுவே எலுமிச்சம்பழத்தை இடுக்கிக்கொண்டு நடக்கிற மாதிரி. சிறுநீர் போய்விட்டு எழுந்தால் இன்னும் கொஞ்சம் இருக்கிற மாதிரி தோன்றி மறுபடி உட்கார வேண்டியிருக்கிறது. வலி கிடையாது.

கெகல் என்று இடுப்புக்குக் கீழே தாங்குகிற தசைகளை இறுக்கி விடுகிற பயிற்சி, அதைச் செய்தால் இறங்கியது மேலே ஏறுமா? நான்கு மாதமாக யாரோ சொன்னபடி செய்கிறேன், பிரயோஜனம் தெரியவில்லை. பெஸரி என்று ஒரு வளையம் வைப்பார்களாமே, அது ரொம்ப வயதானவர்களுக்குத்தானா? தள்ளிப்போட்டால் முழுவதும் வெளியே வந்துவிடுமா? இன்னொன்று, தினமும் ஒரு மணி நேரம் நடப்பேன், பயந்துபோய் அதை நிறுத்திவிட்டேன். அதை நினைத்தால்தான் அழுகை வருகிறது.

ரிங்குக்காரி:

மாலைநடை, முதலில் நடக்கப் போங்கள். இன்றைக்கே. கனம் தெரியாத காலை நேரத்தில் போங்கள், அவ்வளவுதான்.

எனக்கு 56. ஆறு வருஷமாக ரிங் பெஸரி வைத்திருக்கிறேன். வயதானவர்களுக்கு மட்டும் என்பதெல்லாம் பழைய பேச்சு. பிள்ளை பெற்ற சில மாதத்திலேயே வைத்துக்கொண்டு ஓடப் போகிற பெண்களும் இருக்கிறார்கள். சிலிகானில் செய்த வளையம், கையில் எடுத்துப் பார்த்தால் இதற்கா இவ்வளவு பயந்தோம் என்று இருக்கும். இரண்டாக மடித்து உள்ளே விட்டால் உள்ளே போய் விரிந்து, இறங்கியதைத் தாங்கிப் பிடிக்கும். இறக்கத்தைக் குணப்படுத்தாது, மூக்குக்கண்ணாடி மாதிரிதான். போட்டிருக்கும்வரை வேலை செய்யும், கழற்றினால் பழையபடி.

ஆனால் முதல் தடவையே சரியாக அமைந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள், இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. முதலில் வைத்த சைஸ் இரண்டாம் நாள் கழிவறையில் முக்கும்போது டொபுக்கென்று விழுந்துவிட்டது. நான் அழுதேன், டாக்டர் சிரித்துவிட்டு அடுத்த சைஸ் வைத்தார். அது அழுத்தியது, உட்கார முடியவில்லை. மூன்றாவதுதான் பொருந்தியது. பொருந்திவிட்டால் உள்ளே இருப்பதே தெரியக்கூடாது. தெரிந்தால் அது உங்கள் சைஸ் இல்லை. வைத்தவுடனே வீட்டுக்கு அனுப்பினால் போகாதீர்கள். நடந்து பார்க்க வேண்டும், இருமிப் பார்க்க வேண்டும், குந்தி உட்கார வேண்டும், அங்கேயே சிறுநீர் போய்ப் பார்க்க வேண்டும். போக முடியாவிட்டால் அது பெரிசு.

நானே எடுத்து நானே வைத்துக்கொள்கிறேன். ஒரு காலை முக்காலியில் தூக்கி வைத்து ஆள்காட்டி விரலைக் கொக்கி மாதிரி வளையத்தில் மாட்டிக் கீழ்நோக்கி இழுத்தால் வந்துவிடும். முதல் முறை அரை மணி நேரம் வியர்த்து வழிந்தது, இப்போது அரை நிமிஷம். வாரம் ஒரு ராத்திரி கழற்றிச் சோப்புத் தண்ணீரில் கழுவி வைத்துவிட்டுக் காலையில் போட்டுக்கொள்கிறேன். கழற்றத் தெரியாதவர்கள் சில மாதத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போய் எடுத்துச் சுத்தம் செய்துகொள்ளலாம். பிரிட்டனில் 340 பெண்களை வைத்து ஒரு ஆய்வு செய்து 2023-ல் வெளியிட்டார்கள். தானே கழற்றி மாட்டியவர்களுக்கும் ஆஸ்பத்திரிக்குப் போனவர்களுக்கும் வாழ்க்கைத் தரத்தில் வித்தியாசம் இல்லை, ஆனால் தானே பார்த்துக்கொண்டவர்களுக்குச் சிக்கல்கள் குறைவு. முடிந்தால் கற்றுக்கொள்ளுங்கள் என்று நான் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். தாம்பத்தியத்துக்கும் தடை இல்லை, ரிங்கை வைத்துக்கொண்டேயும் இருக்கலாம், கழற்றியும் வைக்கலாம். க்யூப், கெல்ஹார்ன் என்று வேறு வகைகளும் உண்டு, அப்போது அவற்றைக் கழற்றித்தான் ஆக வேண்டும். க்யூபைத் தினமும் ராத்திரி எடுத்துவிட வேண்டும் என்பார்கள்.

கெட்டதையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளைப்படுதல் கொஞ்சம் கூடும். மாதவிலக்கு நின்ற பிறகு உள்தோல் மெலிந்து காய்ந்துபோவதால் ரிங் உரசிப் புண்ணாகலாம், எனக்கு ஒருமுறை ஆனது, சொட்டு ரத்தம் கண்டு பதறிப்போனேன். சில வாரம் ரிங்கை எடுத்துவிட்டு ஈஸ்ட்ரோஜன் க்ரீம் தடவச் சொன்னார்கள், ஆறிவிட்டது. இப்போதும் வாரம் இரண்டு முறை தடவுகிறேன். இன்னொரு விஷயம் நிறையப் பேருக்குத் தெரியாது: மூத்திரப்பை சரிந்திருக்கும்போது சிறுநீர்க்குழாய், மடங்கின ரப்பர் குழாய் மாதிரி அடைபட்டிருக்கும். ரிங் அதை நிமிர்த்திவிட்டால் அதுவரை இல்லாத கசிவு இருமும்போது வரலாம். ரிங் கெடுத்துவிட்டது என்று அர்த்தம் இல்லை, மறைந்திருந்தது வெளியே தெரிகிறது. டாக்டரிடம் சொல்லுங்கள், அதற்கும் வழி இருக்கிறது.

இந்தப் பெஸரி ஒன்றும் புதுசு இல்லை. பழங்காலக் கிரேக்கர்கள் பாதி மாதுளம்பழத்தை உள்ளே வைத்திருக்கிறார்கள். பெண்ணை ஏணியில் தலைகீழாகக் கட்டிக் குலுக்கவும் செய்தார்களாம். நமக்குச் சிலிகான் வந்ததே பெரும் பாக்கியம்.

பிசியோ_பேசுகிறேன்:

இடுப்புத்தளப் பயிற்சி சொல்லிக்கொடுப்பதுதான் என் வேலை. மேலே அக்கா எழுதியது எல்லாம் சரி, நான் பயிற்சியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கெகல் செய்தால் மேலே ஏறுமா என்ற கேள்விக்கு நேர்மையான பதில்: பெரும்பாலும் ஏறாது, ஆனால் தொந்தரவு குறையும். இரண்டும் ஒன்றில்லை. கிழிந்த இணைப்புத் திசுவைத் தசைப்பயிற்சி ஒட்டவைக்காது. ஆயுதம் போட்ட பிரசவங்களில் சில சமயம் தசையே எலும்பிலிருந்து பிய்ந்திருக்கும், அதுவும் ஒட்டாது. மிச்சமிருக்கிற தசை பருத்து, சரியான நேரத்தில் இறுகக் கற்றுக்கொண்டால் கனம் குறைகிறது, சிறுநீர்ப் பிரச்சினை குறைகிறது. பாப்பி என்ற பெயரில் 447 பெண்களிடம் செய்த ஆய்வு 2014-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. 16 வாரத்தில் ஐந்து தடவை பிசியோவிடம் போய்த் தனித்தனியாகக் கற்றுக்கொண்டவர்களுக்கு, வெறும் துண்டுப்பிரசுரம் வாங்கிப் போனவர்களைவிட ஒரு வருஷம் கழித்து உபாதை குறைவாக இருந்தது. பிரிட்டன் வழிகாட்டுதலும் முதல், இரண்டாம் நிலைக்குக் குறைந்தது 16 வாரம் மேற்பார்வையோடு செய்து பாருங்கள் என்றுதான் சொல்கிறது. மேற்பார்வையோடு என்பதைக் கவனியுங்கள், ஏனென்றால் என்னிடம் வந்து "ரொம்ப நாளாகச் செய்கிறேன், பிரயோஜனம் இல்லை" என்று சொல்கிறவர்களில் நிறையப் பேர் தப்பாகத்தான் செய்துகொண்டிருப்பார்கள்.

நீங்களே பார்க்கலாம். கதவைச் சாத்திவிட்டுச் சாய்ந்து படுத்து, முழங்காலை மடக்கி, கைக்கண்ணாடியைக் கீழே பிடியுங்கள். வாயுவை அடக்குவது போலவும் சிறுநீரை நிறுத்துவது போலவும் சேர்த்து இறுக்குங்கள். பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் நடுவே இருக்கிற இடம் உள்ளே இழுபட்டு மேலே போக வேண்டும். வெளியே உப்பினால் நீங்கள் முக்குகிறீர்கள், அதை உடனே நிறுத்துங்கள், இறக்கத்துக்கு அது கேடு. மூச்சைப் பிடிக்கக்கூடாது, பேசிக்கொண்டே செய்ய முடிய வேண்டும். புட்டமும் தொடையும் இறுகினால் அவை வேலையைத் திருடிக்கொள்கின்றன.

சரியாக வந்துவிட்டதா? எட்டு தடவை, நாளைக்கு மூன்று வேளை. முதலில் மூன்று நான்கு விநாடி பிடித்தால் போதும், மெல்ல மெல்லப் பத்து விநாடிக்குக் கொண்டுவாருங்கள். விடும்போது முழுக்க விட வேண்டும், பிடித்த அதே நேரம் ஓய்வு. எந்நேரமும் இறுக்கிக்கொண்டே இருப்பதும் தப்புதான், அதில் வலி வரும். படுத்து, பிறகு உட்கார்ந்து, பிறகு நின்று. சிறுநீர் போய்க்கொண்டிருக்கும்போது நிறுத்தி நிறுத்திப் பழகாதீர்கள், பை முழுசாகக் காலியாவது கெட்டுப்போகும்.

பயிற்சியைவிட நான் பெரிதாக நினைப்பது ஒன்று உண்டு. இருமல், தும்மல், பெட்டி தூக்குவது, இதெல்லாம் வருவதற்கு ஒரு நொடி முன்னால் இறுக்குவது. தும்மல் வருகிறது என்று மூக்குக்குத் தெரிந்தவுடனே கீழேயும் தெரிய வேண்டும். ஒரு மாதம் ஞாபகப்படுத்திச் செய்யுங்கள், அப்புறம் அதுவாகவே வரும். தூக்கும்போது மூச்சை வெளியே விட்டுக்கொண்டே தூக்குங்கள்.

மலச்சிக்கல் இருக்கிறதா? நீங்கள் எழுதவில்லை, ஆனால் இதைக் கேட்காமல் விடமாட்டேன். தினமும் பத்து நிமிஷம் முக்கினால் பயிற்சியில் சம்பாதித்தது எல்லாம் போய்விடும். நார்ச்சத்து, தண்ணீர், தேவையென்றால் மலம் இளக்கும் மருந்து. மேற்கத்திய கழிப்பறை என்றால் காலுக்கு ஒரு சின்ன முக்காலி போட்டு முழங்கால் இடுப்பைவிட உயரமாக இருக்கும்படி முன்னால் சாய்ந்து உட்காருங்கள், வயிற்றைத் தளரவிட்டு வாயால் மூச்சு விடுங்கள். பின்சுவர் சரிந்தவர்களுக்கு மலம் ஒரு பையில் மாட்டிக்கொண்ட மாதிரி நிற்கும், யோனியின் பின்சுவரையோ, பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் நடுவே இருக்கிற இடத்தையோ விரலால் அழுத்தினால் இறங்கும். வெட்கப்பட ஒன்றுமில்லை, டாக்டர்களே சொல்லித்தருவது.

தீராத இருமலுக்கு வைத்தியம் பாருங்கள், எடை கூடுதலாக இருந்தால் குறைத்தால் நல்லது. நடையை நிறுத்தச் சொல்லி நான் யாருக்கும் சொன்னதில்லை.

மாலைநடை:

இரண்டு பேருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நேற்று ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு கண்ணாடியை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். உப்புகிறது! நான்கு மாதமாக உள்ளே இழுக்கிறேன் என்று நினைத்து வெளியே தள்ளிக்கொண்டிருந்திருக்கிறேன். வயிற்றைப் பாறை மாதிரி ஆக்கிக்கொண்டு மூச்சை அடக்கி, அதைத்தான் பயிற்சி என்று நினைத்திருந்தேன். பத்துத் தடவை முயன்று கடைசியில் ஒரே ஒரு தடவை லேசாக உள்ளே அசைந்தது, இமை துடிக்கிற அளவுக்குத்தான். ஆனால் பார்த்தேன்.

மலச்சிக்கல் உண்டு. எழுத வெட்கமாக இருந்தது.

இன்று காலை இருபது நிமிஷம் நடந்தேன்.

பச்சைப்பூ:

எனக்குத் தெரிந்த ஒருவர் அடிவயிற்றில் எண்ணெய் தேய்த்து இழுத்துவிடுவார், கர்ப்பப்பை மேலே போய்விடும் என்கிறார்கள். இடுப்பில் இறுக்கமாகத் துணி கட்டிக்கொண்டால் இறங்காதாமே, யாராவது செய்திருக்கிறீர்களா?

பிசியோ_பேசுகிறேன்:

பச்சைப்பூ, வேண்டாம் மா. வயிற்றைச் சுற்றி இறுக்கிக் கட்டினால் அழுத்தம் போக வேறு இடமில்லாமல் கீழேதான் போகும், பற்பசைக் குழாயை நடுவில் பிதுக்குகிற கதைதான். வெளியிலிருந்து தேய்த்துக் கர்ப்பப்பையை மேலே நிறுத்தவும் முடியாது. கீழிருந்து தாங்குகிற உள்ளாடைகள் விற்கிறார்கள், அவை கனத்துக்குக் கொஞ்சம் இதமாக இருக்கும், அவ்வளவுதான். சாயங்காலம் கால்மணி நேரம் இடுப்புக்குக் கீழே தலையணை வைத்துப் படுங்கள், செலவில்லாத வைத்தியம்.

மூத்தமகள்:

பெஸரி பற்றி ஒரு எச்சரிக்கை, பயமுறுத்த இல்லை. அம்மாவுக்கு 78. முன்பு எப்போதோ ஒரு ஆஸ்பத்திரியில் ரிங் வைத்திருக்கிறார்கள், மறுபடி எப்போது வரவேண்டும் என்று அம்மாவுக்குச் சொன்னார்களோ இல்லையோ, அம்மாவுக்கு மறதி வந்தது, வீட்டில் எங்கள் யாருக்கும் அப்படி ஒன்று உள்ளே இருப்பதே தெரியாது. துணியில் வாடை, பழுப்பு நீர், அப்புறம் ரத்தக்கறை. புற்றுநோய் என்றே முடிவு கட்டிவிட்டோம். பரிசோதித்த டாக்டர் உள்ளே கையை விட்டுப் பார்த்துவிட்டு "எத்தனை வருஷமாக இருக்கிறது இது?" என்றார், நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். சதை வளையத்தைச் சுற்றி வளர்ந்திருந்தது, எடுக்க மிகவும் கஷ்டப்பட்டார்கள். நல்லவேளை, புண்ணோடு போயிற்று. இப்படியே விட்டால் மூத்திரப்பைக்கோ மலக்குடலுக்கோ ஓட்டை விழக்கூட வாய்ப்பு உண்டு என்றார்.

இப்போது அம்மாவுக்குப் புது ரிங். காலண்டரில் நான்கு மாதத்துக்கு ஒருமுறை சிவப்பு மையால் வட்டம் போட்டிருக்கிறேன், தம்பிக்கும் சொல்லிவைத்திருக்கிறேன். அவனிடம் எப்படிச் சொல்வது என்று கூச்சப்பட்டதில்தான் இவ்வளவும் நடந்தது. மாலைநடை, உங்கள் வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும்.

கடைசியில்_ஆபரேஷன்:

எல்லோரும் ஆபரேஷன் வேண்டாம் என்கிற பக்கமாகவே எழுதுவதால் மறுபக்கமும் ஒருத்தி எழுதட்டும். ரிங் ஒன்றரை வருஷம் வைத்திருந்தேன். எனக்கு மூன்றாம் நிலை, வாசல் அகலம், எந்த சைஸ் போட்டாலும் சில நாளில் நழுவிவிடும். கடைசியில் ஆபரேஷன் செய்துகொண்டேன், நிம்மதியாக இருக்கிறேன். நெதர்லாந்தில் 440 பெண்களிடம் பெஸரியையும் ஆபரேஷனையும் ஒப்பிட்டு 2022-ல் வெளியிட்டார்கள். இரண்டு வருஷம் கழித்து, நன்றாக இருக்கிறது என்றவர்கள் பெஸரிப் பக்கம் சுமார் 76 சதவீதம், ஆபரேஷன் பக்கம் சுமார் 82. ஆனால் பெஸரியில் ஆரம்பித்தவர்களில் பாதிக்குமேல் இடையில் ஆபரேஷனுக்கு மாறியிருந்தார்கள். இதை இரண்டு விதமாகவும் படிக்கலாம். பாதிப் பேருக்குப் போதவில்லை என்று நான் படித்தேன், கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குக் கத்தியே தேவைப்படவில்லை என்று என் தங்கை படித்தாள்.

உங்களுக்கு நான் சொல்ல வருவது வேறு. ஆபரேஷன் என்றாலே கர்ப்பப்பையை எடுப்பது என்று இல்லை, அதை வைத்துக்கொண்டே தூக்கித் தைப்பதும் உண்டு. எடுத்தால் எல்லாம் முடிந்தது என்றும் இல்லை, எடுத்த பிறகு யோனியின் மேல்முனையே இறங்கி வந்தவர்கள் இருக்கிறார்கள். ஐந்து நிமிஷத்தில் எடுத்துவிடலாம் என்று சொன்னதுதான் எனக்கு உறுத்துகிறது. இன்னொரு டாக்டரைப் பாருங்கள்.

ரிங்குக்காரி:

தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்ற கேள்வி அப்படியே தொங்குகிறது. எல்லோருக்கும் கூடிக்கொண்டே போவதில்லை, வருஷக்கணக்கில் அதே இடத்தில் நிற்பதும் உண்டு. இரண்டாம் நிலை என்றால் வாசலுக்கு ஒரு சென்டிமீட்டர் உள்ளேயோ வெளியேயோ நிற்கிறது என்றுதான் கணக்கு, மொத்தம் நான்கு நிலை. நிலையைப் பார்த்து வைத்தியம் இல்லை, உங்களுக்கு எவ்வளவு தொந்தரவு என்பதைப் பார்த்துத்தான். தொந்தரவே இல்லாவிட்டால் சும்மா இருப்பதுகூட ஒரு வழிதான் என்று என் டாக்டர் சொன்னார். ஆனால் சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, அடிக்கடி கிருமித்தொற்று வந்தாலோ, மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தம் பட்டாலோ, வெளியே நிற்கிறது புண்ணானாலோ ஒத்திப்போடாதீர்கள்.

மாலைநடை:

நேற்று வீட்டில் சொல்லிவிட்டேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, அப்புறம் "அதனால்தான் வாக்கிங் போகவில்லையா" என்று கேட்டார். இவ்வளவு நாளும் என் சோம்பேறித்தனம் என்று நினைத்தாராம்.

அடுத்த வியாழக்கிழமை வேறொரு டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன், பெஸரி வைக்கிறவர். பிசியோவுக்கும் அங்கேயே எழுதித்தரச் சொல்லப்போகிறேன். போகும்போது என்ன எடுத்துக்கொண்டு போக வேண்டும்?

ரிங்குக்காரி:

தளர்வான உடை, ஒரு நாப்கின், இரண்டு மணி நேரம் அவகாசம். கிளம்புவதற்கு முன் தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள். ரிங் வைத்த பிறகு சிறுநீர் போய்க் காட்டச் சொல்வார்கள், நான் வீட்டிலேயே எல்லாம் போய்விட்டுப் போனதால் ஒரு மணி நேரம் அந்த வராந்தாவிலேயே நடந்துகொண்டிருந்தேன்.